டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு மருந்தாளுநர்: எந்த ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்?

குடும்ப மருத்துவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. கிளினிக்கில் டாக்டர்கள் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு சம்பளத்துக்கான பணம். ஒரு மருந்தாளுநரைச் சேர்த்துக்கொண்டால் பாரம் குறையுமா? குறையும் என்றால், முழுநேரமாக வைத்துக்கொள்வதா, வேறு சில கிளினிக்குகளோடு பகிர்ந்துகொள்வதா, தொலைவிலிருந்து வேலை பார்க்கச் சொல்வதா? இல்லை, பக்கத்து மருந்துக்கடையோடு ஓர் உடன்பாடு போதுமா?

நோயாளிக்கு நன்மையா என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. 2012இல் லான்செட் இதழில் வந்த பின்சர் ஆய்வு இங்கிலாந்தின் 72 கிளினிக்குகளில் நடந்தது. ஆபத்தான மருந்துச்சீட்டுகளைக் கணினியில் தேடிப் பட்டியல் எடுத்தார்கள். ஒரு பாதி கிளினிக்குகளுக்குப் பட்டியலை மட்டும் கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஒரு மருந்தாளுநரும் கூடவே போய், டாக்டர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உதவினார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வயிற்றுப்புண் வந்தவருக்குப் பாதுகாப்பு மருந்து இல்லாமல் வலி மாத்திரை எழுதுவது, ஆஸ்துமா உள்ளவருக்கு பீட்டா பிளாக்கர் என்ற இதய, ரத்த அழுத்த மருந்தை எழுதுவது போன்ற தவறுகள் மருந்தாளுநர் போன இடங்களில் தெளிவாகக் குறைந்திருந்தன. பட்டியல் இரண்டு பக்கமும் இருந்தது; ஆள்தான் ஒரு பக்கம் மட்டும் இருந்தார்.

ஆனால் நோயாளிக்கு நல்லது என்பதாலேயே டாக்டரின் வேலைநாள் லேசாகிவிடும் என்று சொல்ல முடியாது. சில கிளினிக்குகளில் மருந்தாளுநர் வந்த பிறகு டாக்டர் வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளித்தான் போயிருக்கிறது. ஏன் என்பதைப் பார்த்துவிட்டு ஒப்பீட்டுக்குப் போவோம்.

## பாரம் எங்கே இருக்கிறது

2017இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடும்ப மருத்துவர்களின் கணினிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 11.4 மணி நேர வேலைநாளில் 5.9 மணி நேரம் மின்னணுப் பதிவேட்டில்தான் போயிருந்தது. 2022இல் வந்த இன்னொரு கணக்கு இதைவிடத் தலைசுற்ற வைக்கும். 2,500 நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு டாக்டர், வழிகாட்டு நெறிகளில் சொல்லியிருப்பதை எல்லாம் செய்து முடிக்க ஒரு நாளைக்கு 26.7 மணி நேரம் வேண்டும் என்றது அது. வேலையைக் குழுவாகப் பிரித்துக்கொண்டால் டாக்டருக்கு மிஞ்சுவது 9.3 மணி நேரம். அதுவும் குறைவில்லைதான். ஆனால் ஒரு நாளுக்குள் அடங்குகிறது.

அந்த மணி நேரங்களுக்குள் மருந்து சம்பந்தப்பட்டது கணிசம். தொடர் மருந்துச்சீட்டைப் புதுப்பிப்பது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டிஸ்சார்ஜ் கடிதத்தைப் பழைய மருந்துப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ஏறியிருக்கிறது என்று வரும் ரத்தப் பரிசோதனை முடிவு, இந்த மாத்திரை சரக்கில் இல்லை, மாற்று எழுதுங்கள் என்று மருந்துக்கடையிலிருந்து வரும் போன். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம்தான். ஆனால் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இவை வந்து நிற்கும்போது களைப்பு நிமிடக் கணக்கில் ஏறுவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவதும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்: வேலை யாருடைய மேசையில் முடிகிறது?

ரத்த அழுத்தம் கட்டுப்படாத ஒருவரை மருந்தாளுநர் இருபது நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரைகளைச் சரிபார்க்கிறார், வீட்டில் எடுத்த அளவுகளைப் பார்க்கிறார், "அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கலாம், பரிசீலிக்கவும்" என்று டாக்டருக்குக் குறிப்பு அனுப்புகிறார். இப்போது டாக்டர் அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும், குறிப்பைப் படிக்க வேண்டும், காலில் வீக்கம் இருந்ததா என்று பழைய பதிவைத் தேட வேண்டும், சீட்டு எழுத வேண்டும், நோயாளிக்குச் சொல்ல வேண்டும். மருந்தாளுநர் நன்றாகத்தான் வேலை செய்தார். டாக்டருக்கோ, இல்லாத வேலை ஒன்று புதிதாக முளைத்தது. அதே மருந்தாளுநருக்கு அளவை மாற்றவும், பரிசோதனை எழுதவும், நான்கு வாரம் கழித்து மறுபடி வரச்சொல்லவும் அதிகாரம் இருந்தால் டாக்டர் கண்ணில் படுவது ஒரே ஒரு வரி. படித்தால் போதும்.

இந்த அதிகாரம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் தகுதி பெற்ற மருந்தாளுநர்கள் 2006 முதல் தாங்களே மருந்து எழுதலாம்; 2026 முதல் புதிதாகப் பதிவு செய்பவர்கள் அந்தத் தகுதியோடுதான் வெளியே வருகிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2007 முதல் கூடுதல் அனுமதி பெற்றவர்கள் எழுதலாம். அமெரிக்காவில் வழி வேறு: டாக்டரும் மருந்தாளுநரும் எழுத்துமூல உடன்பாடு செய்துகொள்கிறார்கள், இதை முதலில் அனுமதித்தது 1979இல் வாஷிங்டன் மாநிலம். அப்படியொரு உடன்பாட்டின் கீழ் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2018இல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்கள் போய், ரத்த அழுத்தம் அதிகம் உள்ள கறுப்பின ஆண்களுக்கு மருந்து எழுதினார்கள். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. "டாக்டரைப் போய்ப் பாருங்கள்" என்று முடிதிருத்துபவர் எடுத்துச்சொன்ன கடைகளில் இறங்கியது 9.3. கிளினிக்கும் இல்லை, பக்கத்து அறையில் டாக்டரும் இல்லை. முடிவெடுக்கும் உரிமை இருந்தது, அதனால் வேலை அங்கேயே முடிந்தது.

அடுத்தது குறுக்கீடு. ஏற்பாடு டாக்டரின் நாளில் குறுக்கே வருவதைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? அப்புறம் மனப்பாரம்: பன்னிரண்டு மருந்து சாப்பிடும் முதியவரின் பட்டியலைத் தனியாகச் சுமப்பதும், இன்னொருவர் பார்த்திருக்கிறார் என்ற தெம்போடு சுமப்பதும் ஒன்றல்ல. நான்காவது, நம்பிக்கை உருவாக எவ்வளவு காலம் என்பது. நம்பாத டாக்டர் மருந்தாளுநர் செய்ததை எல்லாம் மறுபடி சரிபார்ப்பார். அப்போது ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம். கடைசியாக மறைவான செலவு: மேற்பார்வை நேரம், அறை, பதிவேட்டு அனுமதி, பொறுப்புக் காப்பீடு.

| | முழுநேரம், கிளினிக்கிலேயே | பகிர்ந்து, சில நாட்கள் | தொலைவிலிருந்து | மருந்துக்கடையோடு உடன்பாடு |
|---|---|---|---|---|
| வேலை முடியும் இடம் | அதிகாரம் இருந்தால் மருந்தாளுநரிடம் | திட்டமிட்ட வேலை அவரிடம், அவசரம் டாக்டரிடம் | காகித வேலை அவரிடம், மற்றது திரும்பி வரும் | சிறு நோய்கள் கடையிலேயே |
| குறுக்கீடு | குறையும் | அவர் வராத நாளில் மாறாது | செய்திகள் கூடலாம் | போன்கள் குறையலாம், கூடவும் கூடலாம் |
| மனப்பாரம் | நன்றாகக் குறையும் | ஓரளவு | கொஞ்சம் | கொஞ்சம் |
| நம்பிக்கைக்கான காலம் | மாதங்கள் | அதைவிட நீளம் | கடினம் | ஏற்கெனவே பழக்கம் இருந்தால் சுலபம் |
| மறைவான செலவு | மேற்பார்வை, பயிற்சி | பயணம், இரட்டை நடைமுறை | செய்திப் பரிமாற்றம் | பதிவேட்டு அனுமதி, நலன் முரண் |

## கிளினிக்கிலேயே முழுநேர மருந்தாளுநர்

இதன் பெரிய பலன் எந்த அறிக்கையிலும் சரியாகப் பதிவாவதில்லை: வழியில் நின்று கேட்கும் அரை நிமிடக் கேள்வி. "இந்த அம்மாவுக்கு சிறுநீரகம் இப்படி இருக்கிறதே, இந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?" பதில் அங்கேயே கிடைக்கும். டாக்டர் தேடிப் படிக்கும் பத்து நிமிடம் மிச்சம். அதைவிட, தேட நேரமில்லாமல் ஒரு ஊகத்தில் எழுதிவிட்டு இரவு முழுக்க யோசிப்பது மிச்சம்.

ஒரு சங்கிலியைப் பாருங்கள். அழுத்தத்துக்கு அம்லோடிபின். அதனால் கணுக்காலில் வீக்கம். வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரையால் அடிக்கடி சிறுநீர், அதற்கு ஆக்சிபியூட்டினின். அதனால் வாய் வறட்சி, மலச்சிக்கல், வயதானவர் என்றால் லேசான குழப்பமும். மலச்சிக்கலுக்கு இன்னொரு மருந்து, குழப்பத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம். ஒவ்வொரு படியும் பத்து நிமிடச் சந்திப்பில் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். வேறு வேறு நாளில், வேறு வேறு டாக்டர் எழுதியிருப்பார். முழுப் பட்டியலையும் அரை மணி நேரம் எதிரே வைத்துக்கொண்டு உட்காரும் ஒருவருக்குத்தான் இது ஒரே சங்கிலி என்று தெரியும். அம்லோடிபினை மாற்றினால் மூன்று மருந்து கழன்றுவிடலாம். அந்த மூன்றுக்கான தொடர் சீட்டு, பரிசோதனை, போன் எல்லாமே டாக்டரின் மேசையிலிருந்து நிரந்தரமாகப் போகும்.

டிஸ்சார்ஜ் கடிதங்களும் அப்படித்தான். சிறுநீரகம் பாதிக்கப்பட்டதால் ஆஸ்பத்திரியில் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தை நிறுத்தியிருப்பார்கள். கிளினிக்கின் தொடர் பட்டியலில் அது அப்படியே இருக்கும். நோயாளி வீட்டில் பழைய டப்பாவும் புதிய டப்பாவும் பக்கத்து பக்கத்தில். ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயரில் இருப்பதும் உண்டு. போன் செய்து, டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கச் சொல்லித்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். டாக்டருக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

ஒருவரின் எல்லா மருந்துகளையும் மருந்தாளுநர் சேர்த்துப் பார்க்கும் 'முழுமையான மருந்து மேலாண்மை' நடக்கும் அமெரிக்கக் கிளினிக்குகளின் டாக்டர்களைப் பேட்டி கண்டு 2019இல் வெளியான ஆய்வில், வேலைப்பளு குறைந்தது, மனக்களைப்பு குறைந்தது, தைரியம் கூடியது, தாங்களும் மருந்து பற்றி நிறையக் கற்றுக்கொண்டோம் என்றெல்லாம் சொன்னார்கள். அந்தக் கடைசி விஷயத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். பக்கத்தில் கற்றுத்தர ஆள் இருப்பது வேலையில் நிலைக்க ஒரு காரணம்.

இனி மறைவான செலவுகள். கடையிலோ ஆஸ்பத்திரியிலோ இருந்து வருபவர் முதல் நாளே முழுதாக வேலை செய்ய மாட்டார். இங்கிலாந்தில் கிளினிக்குகளுக்கு வரும் மருந்தாளுநர்களுக்கு 18 மாதப் பயிற்சிப் பாதை வைத்தது சும்மா இல்லை. அந்தக் காலத்தில் ஒரு டாக்டர் வாராவாரம் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஆக, முதல் சில மாதங்கள் டாக்டரின் வேலை கூடும். இதை முன்கூட்டியே சொல்லாத கிளினிக்குகளில் மூன்றாவது மாதமே "இந்த ஆளால் என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு கிளம்பிவிடும்.

இன்னொன்றை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. சுலபமான வேலை எல்லாம் மருந்தாளுநரிடம் போனால், டாக்டரிடம் மிஞ்சுவது சிக்கலான நோயாளிகள் மட்டும். முன்பு நடுவில் வரும் ஒரு சாதாரண அழுத்தப் பரிசோதனை மூச்சு விட நேரம் தந்தது. இப்போது ஒன்றன்பின் ஒன்றாக மனச்சோர்வு, காரணம் தெரியாத எடைக்குறைவு, நெஞ்சுவலி. எண்ணிக்கை அதேதான், நாள் கனத்துவிட்டது. சந்திப்பு நேரத்தை நீட்டாமல் மருந்தாளுநரை மட்டும் சேர்த்தால் தலைவலி போய்த் திருகுவலி வரும்.

மூன்றாவது ஆபத்து மருந்தாளுநர் பக்கம். ஸ்காட்லாந்தில் குடும்ப மருத்துவர்களுக்கான 2018 ஒப்பந்தம் மருந்தாளுநரின் வேலையை மூன்று படியாகப் பிரித்தது: தொடர் சீட்டும் கடிதங்களும் முதல் படி, மருந்து மறுபரிசீலனை இரண்டாவது, சிக்கலான நோயாளிகள் மூன்றாவது. முதல் படியே நாளை விழுங்கிவிடுகிறது, படித்த படிப்புக்கு வேலை இல்லை என்பது அங்கே மருந்தாளுநர்களின் தொடர் புகார். டாக்டரின் சலிப்பை இன்னொருவர் தலையில் கட்டினால் அவரும் ஒரு நாள் கிளம்பிப்போவார். பயிற்சிக்குச் செலவழித்த நேரம் அதோடு போச்சு.

எப்போது இது சிறந்தது: நோயாளிகளில் முதியவர்களும் பல மருந்து சாப்பிடுபவர்களும் அதிகம், குறைந்தது மூன்று நான்கு டாக்டர்கள், ஒன்றரை வருடம் பொறுக்கத் தெம்பு.

## பல கிளினிக்குகளுக்கு ஒருவர்

இங்கிலாந்தில் 2019க்குப் பிறகு பரவலானது இந்த வடிவம். பக்கத்துப் பக்கத்துக் கிளினிக்குகள் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்து, அரசு தரும் பணத்தில் மருந்தாளுநர்களை எடுத்துக்கொண்டன. சிறிய கிளினிக்குக்கு வேறு வழியும் இல்லை. ஒரு டாக்டர் இருக்கும் இடத்தில் முழுநேர மருந்தாளுநருக்கு வேலை போதாது.

பிரச்சினை என்னவென்றால் மருந்துச் சிக்கல் செவ்வாய், வியாழன் பார்த்து வருவதில்லை. அவர் இல்லாத மூன்று நாளும் கடிதங்கள் சேரும். பொறுக்க முடியாததை டாக்டர் எடுத்துச் செய்வார், மீதி அவருக்காகக் காத்திருக்கும், எது யார் செய்தது என்று கொஞ்ச நாளில் யாருக்கும் தெரியாது. இரண்டு கிளினிக்கில் இரண்டு மென்பொருள், இரண்டு நடைமுறை. மருந்தாளுநருக்கோ எந்த இடமும் தன் இடமாக இல்லை. வழியில் நின்று கேட்கும் அந்த அரை நிமிடக் கேள்வி இங்கே பாதிக்கு மேல் தொலைந்துபோகும்.

ஆனால் வேலையைக் குறுக்கிக் கொடுத்தால் இது நன்றாகவே ஓடும். "நீரிழிவு நோயாளிகளின் மறுபரிசீலனை முழுக்க உங்களுடையது, வேறெதுவும் வேண்டாம்" என்று ஒரு குழுவை அப்படியே ஒப்படைத்தால், அவர் வராத நாளிலும் அந்த வேலை டாக்டரிடம் வழியாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று கொடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

## தொலைவிலிருந்து

தொடர் சீட்டு, கடிதம் ஒத்துப்பார்த்தல், ஆபத்தான மருந்துகளின் பரிசோதனை கெடு தவறியவர்களைத் தேடுவது: இவற்றுக்கு இது போதும். அறை வேண்டாம், ஆள் கிடைக்காத இடத்துக்கும் ஆள் கிடைக்கும்.

எல்லை எங்கே என்பதற்கு ஓர் உதாரணம். ரத்தம் உறையாமல் இருக்க அபிக்சபான் சாப்பிடும் 82 வயதுக்காரர். பதிவேட்டில் எடை 63 கிலோ, பதிவானது இரண்டு வருடம் முன்பு. இன்று எடுத்தால் 57. இதயத் துடிப்புக் கோளாறுக்கு இந்த மருந்து எடுப்பவர்களில் 80 வயதைத் தாண்டியவருக்கு எடை 60க்குக் கீழே வந்தால் மருந்தளவு பாதியாக வேண்டும். திரையைப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கவனமான தொலைதூர மருந்தாளுநர் "எடை பார்த்துச் சொல்லவும்" என்று செய்தி அனுப்புவார். அந்தச் செய்தி யாருக்கு வரும்? டாக்டருக்குத்தான். நர்ஸுக்கு நேராகப் போகும்படி வழி செய்யாவிட்டால் தொலைதூர ஏற்பாடு ஒரு செய்தித் தொழிற்சாலை ஆகிவிடும்.

## மருந்துக்கடையோடு உடன்பாடு

சம்பளமே இல்லாத வழி என்பதால் பலருக்கும் முதலில் தோன்றுவது இது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், தொண்டைவலி, காதுவலி, அக்கி, பெண்களுக்கு வரும் எளிய சிறுநீர்த் தொற்று உள்ளிட்ட ஏழு நோய்களுக்குக் கடை மருந்தாளுநரே தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் வரை கொடுக்கலாம். டாக்டரிடம் வரவேண்டிய ஒருவர் வராமலே போவது சுத்தமான லாபம். மேற்பார்வையும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

ஆனால் டாக்டரை வாட்டுவது தொண்டைவலி இல்லையே. பல நோய், பல மருந்து உள்ளவர்களின் கோப்புதான் வாட்டுவது. கடையில் இருப்பவருக்கு அந்தக் கோப்பு முழுதாகத் தெரியாது. தெரியாததால் போன் செய்வார். பதிவேட்டைப் பார்க்க அனுமதி இல்லாத உடன்பாடு போனைத்தான் பெருக்கும். மருந்து விற்பவரே மருந்தைக் குறைக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் நலன் முரணும் இருக்கிறது. பெரும்பாலோர் நேர்மையாக நடப்பார்கள்தான், இருந்தாலும் ஏற்பாட்டில் அதற்கு இடம் வைப்பது சரியில்லை.

ஒரு இடைக்குறிப்பு: கிளினிக்குகள் மருந்தாளுநர்களை இழுத்துக்கொண்டால் கடைகளில் ஆள் குறையும். ஆள் இல்லாத கடை நோயாளியைக் கிளினிக்குக்கே திருப்பி அனுப்பும். முன்வாசலில் குறைத்ததைப் பின்வாசலில் வாங்கிக்கொள்கிறோம்.

## மருந்தாளுநரே வேண்டாத இடம்

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்பதுதான் உங்கள் தலையாய சிக்கல் என்றால், புதிதாக உடம்பு சரியில்லாமல் வருபவர்களைப் பார்த்துமுடிக்க ஆள் போதவில்லை என்றால், மருந்தாளுநர் அதற்கு விடை இல்லை. நோயைக் கண்டறிவது அவர் படிப்பின் மையம் அல்ல. கிடைத்தால் இன்னொரு டாக்டர், கிடைக்காவிட்டால் அனுபவமுள்ள நர்ஸ். சான்றிதழ்களும் படிவங்களும்தான் நாளைத் தின்கின்றன என்றால் ஒரு நல்ல எழுத்தர் போதும், செலவும் குறைவு.

## முடிவெடுக்கும் முன்

ஒரு வாரம், டாக்டரின் இன்பாக்ஸில் வரும் மருந்து வேலைகளை எண்ணுங்கள். மூன்று கூடையாகப் பிரியுங்கள்: யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய காகிதம், மருந்தாளுநர் தனியாக முடிக்கக்கூடியது, டாக்டர் தலையிட்டே ஆக வேண்டியது. முதல் கூடை பெரிது என்றால் தொலைதூரம் போதும், அல்லது எழுத்தர். நடுக்கூடை பெரிது என்றால் கிளினிக்கிலேயே ஆள் வையுங்கள், முடியாவிட்டால் பகிர்ந்துகொண்டு வேலையைக் குறுக்கிக் கொடுங்கள். மூன்றாவது பெரிது என்றால் இன்னொரு டாக்டரைத் தேடுங்கள்.

வேலைக்கு எடுத்தால், எந்த மருந்தை எந்த அளவு வரை கேட்காமல் மாற்றலாம், எதைச் சொல்லிவிட்டு மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வரை எழுதி எல்லா டாக்டர்களும் கையெழுத்திடுங்கள். ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டு மற்றவர் ஒப்புக்கொள்ளாத கிளினிக்கில் மருந்தாளுநர் யாரைக் கேட்பது என்பதிலேயே நாளை ஓட்டுவார். ஆறு மாதம் கழித்து அதே ஒரு வாரக் கணக்கை மறுபடி எடுங்கள். அப்போது மருந்தாளுநரிடமிருந்து டாக்டருக்கு வந்த செய்திகளைத் தனியாக எண்ணி, அவற்றில் எத்தனைக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது என்று பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் ஆளை மாற்றாதீர்கள்; கையெழுத்திட்ட அந்தத் தாளை எடுத்து அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் விரியுங்கள்.